கூபெர்க் ஓடட்டும், கம்பி எங்கே?

கூபெர்க்கில் ஓர் அணு உலை நின்றால் ஏறக்குறைய ஒரு ஸ்டேஜ் மின்வெட்டு. தென்னாப்பிரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட்ஷெடிங்கில் ஒவ்வொரு ஸ்டேஜும் நாடு முழுவதற்கும் சேர்த்து 1,000 மெகாவாட்டை வெட்டுவது. கேப் டவுனுக்கு வடக்கே கடலோரத்தில் நிற்கும் கூபெர்க் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றும் தருவது சுமார் 930 மெகாவாட். 2022 டிசம்பரில் முதல் உலையை நிறுத்தி, அதன் நீராவிக் கலன்கள் மூன்றையும் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தத் தொடங்கினார்கள். ஆறு மாத வேலை என்றார்கள். ஓடத் தொடங்கியபோது 2023 நவம்பர். அடுத்த மாதமே அதே வேலைக்காக இரண்டாம் உலை நின்றது. அது திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த 2023தான் இந்த நாடு கண்ட மிக மோசமான மின்வெட்டு ஆண்டு. முந்நூறு நாட்களுக்கு மேல் ஏதோ ஒரு ஸ்டேஜில் இருந்தோம்.

இதைச் சொன்னவுடன் "அப்படியானால் நீ அணுமின்சாரத்துக்கு எதிரி" என்று முடிவு கட்டிவிட வேண்டாம். கூபெர்க்கை மூடச் சொல்பவன் இல்லை நான். அது இன்னும் இருபது ஆண்டு ஓட வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் 2025 அக்டோபரில் அரசு வெளியிட்ட மின்திட்டத்தில் 2039க்குள் இன்னொரு 5,200 மெகாவாட் அணுமின்சாரம் கட்டுவோம் என்று எழுதியிருக்கிறார்கள். அதை எதிர்க்கிறேன். பயத்தால் அல்ல, பணத்தாலும் காலத்தாலும். அந்தப் பணம் முதலில் போக வேண்டிய இடம் மின்கடத்துக் கம்பி என்பது என் கட்சி.

இங்கே டர்பனில் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் பெற்றோரிடையே ஞாயிறுதோறும் இந்தப் பேச்சு வருகிறது. அணுவா, சூரியனா, காற்றா? ஊரில் ரஜினியா கமலா என்று பிரிந்ததுபோல இங்கே பிரிந்து நிற்கிறார்கள். என்னால் இரண்டு பக்கமும் முழுதாகச் சேர முடியவில்லை. காரணம் நான் வளர்ந்த இடம்.

எனக்குச் சொந்த ஊர் பணகுடி. மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல் காற்றாலைகள். கிழக்கே கடற்கரையில் கூடங்குளம். வைகாசி பிறந்தால் கணவாய் வழியாகக் காற்று இறங்கும். ஆவணி வரை காற்றாடிகள் நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் அதே காற்றாடிகள் வரிசையாக அசையாமல் நிற்கும். கூடங்குளத்தில் 2002இல் தொடங்கிய கட்டுமானத்தை எங்கள் தலைமுறை பள்ளியிலிருந்தே பார்த்து வந்தது. 1988இல் சோவியத் யூனியனோடு போட்ட ஒப்பந்தம், முதல் மின்சாரம் கம்பியில் ஏறியது 2013இல். நடுவே ஃபுகுஷிமா வந்தது, இடிந்தகரை மக்கள் கடலில் இறங்கி நின்றார்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை என்றே இன்றும் நினைக்கிறேன். அவர்கள்மேல் போட்ட வழக்குகளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2012இல் எங்கள் பக்கம் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்டு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் காற்றாலை, ஆனாலும் இருட்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. காற்று நன்றாக அடித்த மாதங்களில்கூட சில ஆலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். ஓடினால் வரும் மின்சாரத்தைத் தாங்கி எடுத்துப்போகக் கம்பி இல்லை. வடக்கே மின்சாரம் மிச்சமாக இருந்த வேளையிலும் அதைத் தெற்குக்குக் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகத்து மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே அலைவரிசையில் சேர்ந்தது. அதற்கு விழாவும் இல்லை, கட்-அவுட்டும் இல்லை. அடுத்த ஓரிரு ஆண்டில் மின்வெட்டு அடங்கியதற்குப் புது அனல்மின் நிலையங்களும் கூடங்குளமும் காரணம்தான். ஆனால் கம்பியின் பங்கை யாரும் பேசுவதில்லை. மின்துறையில் வேலைக்கு வந்த எனக்கு முதல் பாடம் அது.

இப்போது டர்பனில் ஒரு மசாலா ஆலையின் மின்பராமரிப்பு என் வேலை. 2023இல் எங்கள் ஆலை எப்படி ஓடியது என்று சொன்னால்தான் 'நம்பகமான மின்சாரம்' என்பதில் எனக்குள்ள அக்கறை விளங்கும். மிளகாய் அரைக்கும் சுத்தியல் அரவை நின்றால் அப்படியே மறுபடி ஓட்ட முடியாது. அரைபட்டுக்கொண்டிருந்த மிளகாய் உள்ளே சூட்டோடு நின்றுவிடும். அதன் எண்ணெய் சல்லடையில் அப்பிக்கொள்ளும். பூட்டைத் திறந்து, முகமூடி கட்டி, பித்தளைத் தூரிகையால் சல்லடையைத் தேய்த்து, கைப்பிடி கைப்பிடியாக அள்ளி எடுத்த பிறகே மோட்டாரைத் தொடலாம். அடியில் அமுங்கியிருப்பது கருஞ்சிவப்பாகிவிடும். நல்ல சரக்கோடு அதைச் சேர்க்கக் கூடாது. எங்கள் ஃபோர்மன் அண்ணன் அதைத் தனிச் சாக்கில் கட்டி ஓரமாக வைப்பார். "தம்பி, ரெண்டு மணி நேரம் கரண்டு போனா, நமக்கு நாலு மணி நேரம் போகுது" என்பார். டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவர். அவர் பாட்டனார் காலத்துத் தமிழ் அவர் வாயில் அப்படியே இருக்கிறது. ஸ்டேஜ் 6 ஓடிய வாரங்களில் ஒரே நாளில் மூன்று முறை அந்தச் சல்லடையைத் தேய்த்திருக்கிறோம்.

ஜெனரேட்டர் இருக்கிறது. அதில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு லிட்டர் டீசல் வேண்டும். டீசல் காசு மட்டுமே ஆறேழு ராண்ட் ஆகிவிடும். இதையே அரசு மின்நிறுவனமான எஸ்காமும் பெரிய அளவில் செய்தது. கூபெர்க்குக்குப் பக்கத்திலேயே அட்லாண்டிஸில் ஆங்கர்லிக் என்ற டீசல் மின்நிலையம் இருக்கிறது. மோசல் பேயில் இன்னொன்று. அவசரத்துக்கு என்று கட்டியவற்றை நாள்தோறும் ஓட்டி, ஒரே நிதியாண்டில் 20 பில்லியன் ராண்டுக்கு மேல் டீசலாக எரித்தார்கள். ஆக, மின்சாரத்தில் மிக விலை உயர்ந்த யூனிட் எது என்று கேட்டால், வேண்டிய நேரத்தில் இல்லாமல்போன யூனிட் என்றே சொல்வேன். அணுவையும் சூரியனையும் ஒப்பிடுகிறவர்கள் இரண்டின் 'யூனிட் விலை'யைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு முடித்துக்கொள்வது இதனால்தான் எனக்குப் போதவில்லை.

முதலில் கூபெர்க்குக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். 1984லும் 1985லும் ஓடத் தொடங்கிய உலைகள். இனவெறி ஆட்சிக் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. எரிபொருள் ஏற்றுவதற்கு முன்பே, 1982 டிசம்பரில், விடுதலைப் படையினர் உள்ளே குண்டு வைத்தார்கள். ஆட்சி மாறியது, நிலையம் நின்றது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் இன்றுவரை ஓடும் ஒரே அணுமின் நிலையம் அதுதான். நாட்டின் மின்சாரத்தில் சுமார் 5 விழுக்காடு அதிலிருந்து வருகிறது. கட்டிய கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது; எரிபொருள் செலவு சொற்பம். கடல்நீரால் குளிர்விப்பதால், 2018இல் கேப் டவுன் குடிநீருக்குத் தவித்தபோதும் நகரத்தின் நன்னீரில் அது கைவைக்கவில்லை. முதல் உலைக்கு 2044 வரையும் இரண்டாவதுக்கு 2045 வரையும் உரிமம் நீட்டியிருக்கிறார்கள். கட்டி முடித்துக் கடனடைத்த உலையை நல்ல பராமரிப்போடு ஓட்டுவதைப் போல மலிவான கரிமமற்ற மின்சாரம் வேறு எதுவும் இல்லை. ஜெர்மனி தன் உலைகளை அவசரமாக மூடிவிட்டு நிலக்கரியை வைத்துக்கொண்டிருந்தது எனக்கு உடன்பாடில்லாத முடிவு.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூபெர்க்கைச் சுற்றி 5 கிலோமீட்டர், 16 கிலோமீட்டர் என்று இரண்டு வட்டம் போட்டு அவசரத் திட்டம் வைத்திருக்கிறார்கள், சங்கொலிகளைச் சோதிக்கிறார்கள். நல்லது. ஆனால் இந்த நாட்டில் மின்சாரத்துக்காகத் தினமும் நோயுறுகிறவர்கள் அங்கே இல்லை, நிலக்கரி மாகாணமான ம்புமலாங்காவில் இருக்கிறார்கள். எண்பது விழுக்காட்டுக்கு மேல் நிலக்கரி மின்சாரம். அந்தப் புகையைச் சுவாசிப்பது அங்குள்ள ஹைவெல்ட் பகுதி மக்கள். அங்குள்ள காற்று மாசு அரசியல் சாசன உரிமையையே மீறுகிறது என்று 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டர்பனில் மெர்பேங்க் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நிழலில் பிள்ளை வளர்த்த நம்மவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கழிவு விஷயத்தில் எனக்கு மனக்குறை உண்டு: நாற்பது ஆண்டாக வெளியே எடுத்த எரிந்த எரிபொருள் இன்னும் கூபெர்க் வளாகத்துக்குள்ளேயே தொட்டிகளிலும் கலன்களிலும் இருக்கிறது, நிரந்தர இடம் முடிவாகவில்லை. அப்படியிருந்தும், அணுவா நிலக்கரியா என்று என்னைக் கேட்டால் தயங்காமல் அணு என்பேன்.

ஆனால் நம் முன்னால் உள்ள கேள்வி பழைய உலை அல்ல, புது உலை. அங்கே எல்லாம் மாறிவிடுகிறது. வீடு கட்டக் கடன் வாங்கியவர் குடிபோகும் முன்னே வட்டி கட்டத் தொடங்குவார். வேலை இழுக்க இழுக்க வட்டியும் ஏறும், வாடகையும் போகும். அணு உலையின் விலை அப்படித்தான் அமைகிறது. யுரேனியம் அதில் சிறு பங்கு. பெரும்பங்கு, முதல் யூனிட் வருவதற்கு முன் பணம் முடங்கிக் கிடக்கும் ஆண்டுகள். பின்லாந்தில் ஒல்கிலுவோட்டோ மூன்றாம் உலை 2005இல் தொடங்கி 2023இல்தான் முழுநேர உற்பத்திக்கு வந்தது. பிரான்ஸில், கூபெர்க்கைக் கட்டிய அதே தொழில்துறையின் சொந்த மண்ணில், ஃப்ளமன்வீல் மூன்றாம் உலை 2007இல் தொடங்கி 2024 டிசம்பரில் மின்தொகுப்பில் சேர்ந்தது; 3.3 பில்லியன் யூரோ என்று தொடங்கிய மதிப்பீடு 13 பில்லியனைத் தாண்டியது. அமெரிக்காவின் வோக்டில் உலைகள் 14 பில்லியன் டாலரில் தொடங்கி 30 பில்லியனுக்கு மேல் போயின. ஐக்கிய அரபு அமீரகத்தில் மட்டும் கொரியர்கள் பரகாவில் நான்கு உலைகளை 2012இலிருந்து 2024க்குள் முடித்துக்கொடுத்தார்கள். 5,600 மெகாவாட். எனவே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி உலையைத் திரும்பத் திரும்பக் கட்டிய கை, கையில் ரொக்கம், இடையில் மாறாத முடிவு எல்லாம் ஒன்றுசேர்ந்தால் முடியும்.

நம்மிடம் அவை இருக்கின்றனவா? மெடுபி, குசிலே என்ற இரண்டு நிலக்கரி நிலையங்களை 2007, 2008இல் தொடங்கினோம். அணு உலையைவிட எளிய வேலை. குசிலேயின் கடைசி அலகு வணிக உற்பத்திக்கு வந்தது 2025இல். நடுவே 2022இல் அதன் புகைக்குழாய் ஒன்று இடிந்து மூன்று அலகுகள் நின்றன. கூழாங்கல் உலை என்ற சொந்தச் சிறு அணு உலைத் திட்டத்தில் 9 பில்லியன் ராண்டுக்கு மேல் செலவழித்துவிட்டு 2010இல் கைவிட்டோம். பிறகு முன்னாள் அதிபர் ஜூமா காலத்து 9,600 மெகாவாட் அணுத்திட்டம். நாடாளுமன்றத்திலும் மக்களிடமும் முறையாகக் கேட்காமல் நடந்தது என்று 2017 ஏப்ரல் 26 அன்று மேற்குக் கேப் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளியது. வழக்குப் போட்டவர்கள் இரண்டு சிறு அமைப்புகள்: எர்த்லைஃப் ஆப்பிரிக்காவும், பல சமயத்தார் சேர்ந்து நடத்தும் ஒரு சுற்றுச்சூழல் நிறுவனமும். மகோமா லெகலகலா, லிஸ் மெக்டெய்ட் என்ற அந்த இரண்டு பெண்களுக்கும் இந்த நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அந்த ஒப்பந்தம் அன்று நிறைவேறியிருந்தால் நம் பிள்ளைகளின் சம்பளம் வரை அடகில் இருந்திருக்கும்.

இனி மறுபக்கம். சூரியனையும் காற்றையும் புகழ்பவர்கள் காட்டும் எண்கள் உண்மையானவை. தனியாரிடம் மின்சாரம் வாங்க அரசு 2011இல் நடத்திய முதல் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட்டுக்கு இரண்டரை ராண்டுக்கு மேல். 2021இல் ஐந்தாம் ஏலத்தில் காற்றும் சூரியனும் சேர்ந்து சராசரி 47 செண்ட். பத்தாண்டில் இப்படி விலை விழுந்த பொருள் எங்கள் ஆலைச் சரக்கில் ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த 47 செண்டுக்குக் கையெழுத்திட்ட திட்டங்களில் பல, வட்டியும் பொருள் விலையும் ஏறியதால் கட்டுமானத்துக்கே வரவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமானது நேரம். நம் நாட்டில் மின்தேவை உச்சம் தொடுவது குளிர்கால மாலை, ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை. அடுப்பு, ஹீட்டர், கீசர் எல்லாம் ஒன்றாக ஏறும். அப்போது சூரியன் மேற்கே போய்விட்டிருக்கும். கூரையில் போட்ட தகடுகள் நாடு முழுக்க 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. மாலை ஏழு மணிக்கு அவற்றின் பங்கு சூன்யம்.

வடகேப்பில் கென்ஹார்ட் என்ற ஊரில் இதற்கு ஒரு விடை நிற்கிறது. 540 மெகாவாட் சூரியத் தகடு, 1,140 மெகாவாட்-மணி சேமிக்கும் பேட்டரி. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்நிலையம் உறுதியளிப்பது 150 மெகாவாட், அதிகாலை ஐந்து மணி முதல் இரவு ஒன்பதரை வரை. சீராக 150 வேண்டுமென்றால் 540 போட வேண்டும், நள்ளிரவுக்கு அதுவும் கிடையாது. அணுக்கட்சிக்காரர்கள் இதைக் குறையாகக் காட்டுவார்கள், காட்டட்டும். நான் அதே இடத்தில் இன்னொன்றைப் பார்க்கிறேன்: 2022 நடுவில் வேலை தொடங்கி 2023 முடிவதற்குள் மின்சாரம் தந்துவிட்டது. பணம் முடங்கியது ஒன்றரை ஆண்டு மட்டுமே. கூபெர்க்கின் ஒரே உலையில் கலன் மாற்றும் வேலை முடிவதற்கும் கென்ஹார்ட் புதிதாக எழும்புவதற்கும் இடையே வித்தியாசம் சில மாதங்களே. தவிர, ஆறு கென்ஹார்ட்டில் ஒன்று பழுதானால் போவது 150. உலை ஒன்று நின்றால் போவது 930.

நம் மாகாணமான குவாசூலு-நடாலிலேயே இன்னொரு செல்வம் உண்டு, பலருக்குத் தெரியாது. ஜோஹானஸ்பர்க் போகும் என்3 சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது, வலப்பக்க மலைகளுக்குள் இங்குலா இருக்கிறது. மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை, நடுவே மலையைக் குடைந்து தரைக்கடியில் நான்கு எந்திரங்கள், 1,332 மெகாவாட். மின்சாரம் மலிவாக இருக்கும்போது நீரை மேலே ஏற்றுவது, மாலையில் கீழே விட்டு எடுப்பது. நான்கு யூனிட் போட்டால் ஏறத்தாழ மூன்று திரும்பும். கட்டும்போது 2013இல் சுரங்கத்தில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். சாலையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத அந்த மலைக்கு அந்த விலையும் இருக்கிறது. முன்பு இரவு நேரத்து நிலக்கரி மின்சாரத்தில் நீரேற்றினார்கள். இப்போது நடுப்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரம் அந்த வேலைக்கு வருகிறது. டிராகென்ஸ்பர்க்கில் 1,000, பால்மியட்டில் 400 என்று பழையவை இரண்டும் சேர்ந்தால் நம்மிடம் ஏற்கெனவே ஏறக்குறைய மூன்று கூபெர்க் உலை அளவுக்கு மாலைநேரச் சேமிப்பு இருக்கிறது.

அப்படியானால் எது தடுக்கிறது? கம்பி. 2022 டிசம்பரில் ஆறாம் ஏலத்தின் முடிவு வந்தபோது ஒரு காற்றாலைகூடத் தேர்வாகவில்லை. விலை அதிகம் என்பதால் அல்ல. காற்று நன்றாக அடிக்கும் மேற்குக் கேப், கிழக்குக் கேப் பகுதிகளில் மின்தொகுப்பு நிரம்பிவிட்டது. புது ஆலையைச் சொருக இடமில்லை. செய்தியைப் படித்தபோது எனக்கு 2012 பணகுடி ஞாபகம்தான் வந்தது. இந்த நாட்டின் தடித்த கம்பிகள் எல்லாம் ம்புமலாங்காவிலிருந்து கிளம்புகின்றன, நிலக்கரி அங்கே இருந்ததால். வெயிலும் காற்றும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி எதிர்ப்பக்கம். அடுத்த பத்தாண்டில் சுமார் 14,000 கிலோமீட்டர் புதுக் கடத்துபாதை வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். கோபுரத்துக்கு இரும்பு, மின்மாற்றிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு, நிலம் கையகப்படுத்தல்... எல்லாம் பெரிய வேலை. அந்த வேலையின் ஒவ்வோர் ஆண்டுத் தாமதத்துக்கும் நாம் டீசல் எரித்து விலை கொடுப்போம். நாளைக்கு யாராவது புது உலை கட்டினாலும் அதற்கும் கம்பி வேண்டும். கம்பியில் போட்ட பணம் எந்தக் கட்சி ஜெயித்தாலும் வீணாகாது. உலையில் போட்ட பணம் பாதியில் நின்றால் ஒரு யூனிட்டும் தராது.

நிலக்கரி நிலையங்கள் மூடப்படும் இடங்களில் கம்பிகள் காலியாகின்றன என்பதும் உண்மை. கோமாட்டி 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே சூரியத் தகடும் பேட்டரியும் வரும், வேலையும் வரும் என்றார்கள். நிலையத்தை நம்பி வாழ்ந்த ஊர் அதற்காக இன்னும் காத்திருக்கிறது. மாற்று வேலையைக் கண்ணில் காட்டாமல் ஒரு நிலையத்தை மூடுவது அநியாயம். சூரியக் கட்சியில் இருப்பவர்கள் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

உலையும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம் என்று ஒரு வழி நம் குளியலறைக்கு மேலேயே தொங்குகிறது. கீசர். சாதாரண வீட்டுக் கீசர் 150 லிட்டர், 3 கிலோவாட். பத்து லட்சம் கீசர்கள் ஒரே நேரத்தில் சூடேறினால் 3,000 மெகாவாட்; கூபெர்க்கின் இரண்டு உலையும் அதற்குப் போதாது. ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்குச் சுட்ட நீர் இரவு ஏழு மணிக்கும் சூடாகத்தான் இருக்கும். மாலையில் ஏறும் அந்தச் சுமையை வெயில் நேரத்துக்குத் தள்ள ஒரு டைமர் போதும். பல நகராட்சிகள் முன்பே கம்பி வழியாகச் சமிக்ஞை அனுப்பிக் கீசர்களை நிறுத்தும் சிறு ரிலேக்களை வீடுகளில் வைத்திருந்தன; எத்தனையோ வீடுகளில் அவை பழுதாகி, எலக்ட்ரீஷியன் நேரடியாக இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அமைச்சர்கள் ரிப்பன் வெட்ட முடியாத திட்டம் என்பதாலோ என்னவோ, இதைப் பற்றிப் பேச்சே இல்லை. தெரிந்தவர்கள் வீடுகளில் நான் போட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டு ஆயாவுக்கும் போட்டுக்கொடுத்தேன். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் பெயர்க்கப்பட்டு, சிறு பெண்ணாகச் சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். ப்ரீபெய்ட் மீட்டர். கடையில் வாங்கிய சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்து, இருபது இலக்கத்தையும் நான்கு நான்காக வாய்விட்டுப் படித்து மீட்டரில் அழுத்துவார். 2024 நவம்பருக்குள் எல்லா மீட்டரையும் மறுகுறியீடு செய்ய வேண்டும் என்று வந்தபோது, வழக்கமான எண்ணுக்கு முன்னால் இன்னும் இரண்டு இருபது இலக்கம். கண்ணாடியை ஏற்றி இறக்கி, ஒரு விரலைச் சீட்டில் வைத்தபடி, என்னைத் தொடவிடாமல் தானே அழுத்தி முடித்தார். இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. மீட்டரில் யூனிட் தீராமல் பார்ப்பது அவருக்கு மாத்திரை நேரம் தவறாமல் பார்ப்பதைப் போன்ற ஒழுங்கு. "தம்பி, அந்தத் தண்ணி சுட எத்தன யூனிட்டு தின்னுது?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொன்னேன்: குளிர்ந்த தொட்டி முழுவதும் சூடாக ஏறக்குறைய ஏழு. ஏழைக் குடும்பங்களுக்கு 2003 முதல் அரசு இலவசமாகத் தரும் மாத அளவு 50 யூனிட். ஒரு தொட்டியை ஏழு முறை சுட்டால் தீர்ந்தது. அதற்குப் பிறகு அவர் தொட்டியின் சூட்டளவைக் குறைக்கச் சொல்லிவிட்டார்.

'மலிவு' என்ற பேச்சு இந்த ஆயாவின் மீட்டரில் வந்து நிற்க வேண்டும். ஏலத்தில் 47 செண்ட், அவர் கையில் ஏறத்தாழ மூன்று ராண்ட். இடையில் இருப்பது கம்பி, மின்மாற்றி, திருட்டில் போகும் மின்சாரம், மெடுபி-குசிலே கடன், நகராட்சியின் பங்கு. எஸ்காமின் கட்டணம் 2023இல் 18.65 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டும் 12.7 விழுக்காடு அளவில் ஏறியது. பணம் உள்ளவர்கள் அதைக் கண்டு கூரையில் தகடு போட்டுக்கொண்டார்கள்; 2023 மார்ச் முதல் ஓராண்டுக்கு 15,000 ராண்ட் வரை வரிச்சலுகையும் கிடைத்தது. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், எங்கள் ஆலை முதலாளியும் போட்டார். ஆனால் அவர்கள் வாங்கும் யூனிட் குறையக் குறைய, கம்பியின் செலவு மீதிப்பேர் தலையில் ஏறுகிறது. மீதிப்பேர் யார்? சொந்தக் கூரை இல்லாதவர்கள். மாடிக் குடியிருப்பில் ஆயாவின் தலைக்குமேல் இருப்பது இன்னொரு வீட்டின் தரை. வரிச்சலுகை வாங்க அவருக்கு வரியும் இல்லை, கூரையும் இல்லை. அணுவா சூரியனா என்று ஞாயிற்றுக்கிழமை வாதாடும் இரண்டு கட்சியும் இவரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

புது உலை வந்தால் அதன் கடனும் கட்டணமாகி இந்த மீட்டருக்கே வரும், உலை ஒரு யூனிட் தருவதற்கு முன்பே வரும். அதனால்தான் எதிர்க்கிறேன். தகடு போட்டவர்கள் கம்பிக்கான நிலைக்கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்பதையும் இதே காரணத்தால் ஆதரிக்கிறேன். ஆலையில் என் முகத்துக்கு நேரே சண்டைக்கு வந்தாலும் அதிலிருந்து மாற மாட்டேன். இரவிலும் மழைநாளிலும் அவர்கள் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறார்கள்.

கடந்த ஆடிக்கூழ் கழிந்த வாரம் எங்கள் கோயில் கமிட்டியில் மண்டபக் கூரையில் தகடு போடும் பேச்சு எழுந்தது. பெரிய கூரை, வடக்கு பார்த்த சரிவு, தென்கோளத்தில் அதுதான் வெயிலுக்கு ஏற்ற பக்கம். மண்டபத்துக்குக் கரண்டு வேண்டியது வெள்ளி மாலையும் கல்யாண நாட்களும்தான்; மற்ற நாள் பகலெல்லாம் மிஞ்சும். கேப் டவுனில் வீட்டுக்காரர்களிடம் மிச்ச மின்சாரத்தை வாங்கி நகராட்சி காசு கொடுக்கத் தொடங்கிவிட்டது. நம் மிச்சத்தை எதிர்வரிசைக் குடியிருப்புகளின் ப்ரீபெய்ட் மீட்டரில் யூனிட்டாக வரவுவைக்க முடியுமா என்று கேட்டேன். தகடு எவ்வளவு, இன்வெர்ட்டர் எவ்வளவு என்று விலைப்பட்டியல் வந்துவிட்டது. தெருக்கம்பியில் நம் மின்சாரம் இருநூறு மீட்டர் போக என்ன வாடகை என்று பொருளாளர் அக்கா கேட்டார். சரியான கேள்வி. நகராட்சிக்கு எழுதிக் கேட்கும் வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். கடிதத்தோடு அந்த வரிசையில் உள்ள பதினாறு வீட்டாரின் கையெழுத்தும் போகிறது, முதல் கையெழுத்து ஆயாவுடையது.